மூன்றாம் தண்ணீர்

செங்கம்மாள் குண்டானை வாசற்படியில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள். காலையிலிருந்து வெயிலில் காய்ந்த தண்ணீர். மேலே வேப்பிலையும் மஞ்சளும் மிதந்தன.

“மூணாந்தண்ணி தம்பி. இத்த ஊத்திக்கினா ஆத்தா எறங்கிட்டான்னு வேப்பிலைய எடுத்துடலாம். வெளிய வா, பயப்படாத.”

உள்ளே தணிகாசலம் பயந்துகொண்டுதான் இருந்தான். அவன் உடம்பில் ஒரு முத்துகூடப் போட்டிருக்கவில்லை.

அவனுக்கு அம்மையே வரவில்லை. வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகியவன் அவனேதான்.

ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் குமாஸ்தா அவன். பத்திரிகைகளில் நாலு கதை வந்திருந்தது, அதனால் எழுத்தாளன். திருநின்றவூரில் ரயில் ஏறி ஆவடியில் இறங்குவதற்குள் முழங்கால்மேல் நோட்டை வைத்து ஒரு பக்கம் எழுதிவிடுவான். தனிக்கட்டை, வீட்டில் கேட்க ஆளில்லை.

அந்தப் பங்குனியில் ஊரெல்லாம் அம்மை. ஆபீசில் வரிசையில் நிற்கவைத்து எல்லோருக்கும் ஊசி குத்தினார்கள், அவனுக்கும்தான். ஸ்டேஷன் டீக்கடையை மூடினார்கள். மூடியதும் அங்கே அரட்டை அடித்துக்கொண்டிருந்த கும்பல் அப்படியே அவன் வீட்டுக்குக் குடிவந்துவிட்டது. நாவலில் நாற்பதாவது பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

ஒரு விடியற்காலை, ஆள் நடமாட்டம் தொடங்குமுன், வேப்பிலையை ஒடித்துவந்து நிலையில் செருகினான். அவ்வளவுதான். ஒரு ஈ காக்கை வரவில்லை. செய்தி ஆபீசுக்குப் போயிற்று. மூன்று வாரத்துக்கு இந்தப் பக்கமே வராதே என்று சொல்லியனுப்பினார்கள். இப்படி ஒரு யோசனை தோன்றியதற்காகத் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான்.

பக்கத்து வீட்டுச் செங்கம்மாளை மட்டும் அவன் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

மறுநாளிலிருந்து படியில் கேழ்வரகுக் கூழும் மோரும் இளநீரும் வந்தன. அம்மை கண்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சுகாதார ஆபீசிலிருந்து ஆள் வந்தபோது, அந்த ஊட்ல யாரும் இல்ல என்று அவளே திருப்பி அனுப்பினாள். நாலாம் நாள்தான் அவனுக்கு உறைத்தது, பக்கத்து வீட்டிலிருந்து தாளிக்கிற வாசனையே வரவில்லை. அந்த வாசனை ஆத்தாளுக்கு ஆகாது என்று, இவனுக்காக அவள் குடும்பமே தாளிக்காத குழம்பைத் தின்றுகொண்டிருந்தது.

அன்று கூழைக் குடிக்கவே கூச்சமாக இருந்தது. ஆனாலும் குடித்தான். குடித்துவிட்டு, தாளிக்காத குழம்பை நாவலில் ஒரு இடத்தில் சேர்த்துக்கொண்டான். நன்றாகத்தான் வந்திருந்தது.

நூற்றிருபது பக்கம் முடிந்தது. இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுவதென்று காலையிலிருந்து வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

துண்டால் தலையை மூடிக்கொண்டு கதவைத் திறந்தான். குனிந்தபடியே குண்டானைத் தூக்கித் தலையில் ஊற்றிக்கொண்டான். வேப்பிலை ஒன்று தோளில் ஒட்டிக்கொண்டது. வெட்கத்தில் உடம்பு கூசியது.

“அக்கா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“நானும்தாம்பா சொல்லணும். தண்ணி ஊத்தட்டும்னு இருந்தேன்.”

இடுப்பில் செருகியிருந்த தந்தியை எடுத்து நீட்டினாள். மடிப்பெல்லாம் வியர்வையில் நைந்திருந்தது. தேதி பதினோரு நாளுக்கு முந்தியது.

அம்மா கவலைக்கிடம். உடனே வா.

பொன்னேரிக்கு அப்பால் கிராமத்தில் அம்மா. போன மாதம்கூடக் காய்ச்சல் என்று எழுதியிருந்தாள். நாவல் முடியட்டும், போகலாம் என்று இருந்தான்.

செங்கம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஆத்தா இருக்கிற ஊட்ல கெட்ட சேதி சொல்லக் கூடாது. அதான் நானே வாங்கி வெச்சிக்கினேன். எங்க ஊட்டுக்காரர ரெண்டு ரயில் மாத்தி அனுப்பிச்சேன், நீ இன்னாத்துக்கு வரலன்னு அவங்களுக்குத் தெரியணுமில்ல. அப்போ நல்லாத்தான் பேசினாங்களாம். டாக்டரு ஊசி போட்டுக்கினு இருந்தாராம், தேறிடுவாங்கன்னாராம்.”

அவன் தந்தியிலிருந்த தேதியை மறுபடி பார்த்தான்.

“உனுக்கு அம்மைன்னு சொன்னதும், எம்புள்ள மேல ஆத்தா இருக்கிறப்ப நான் மருந்து தொட மாட்டேன்னுட்டாங்களாம். ஊசி வேணாம், மாத்திரை வேணாம், ஒண்ணும் வேணாம். மூணாம் நாளு போயிட்டாங்க தம்பி, ஆளு வந்து சொல்லிட்டுப் போச்சு. உன் சித்தப்பா மவன்தான் கொள்ளி வெச்சானாம்.”

கையிலிருந்த குண்டானைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றான் தணிகாசலம். காலையிலிருந்து சொல்லிப் பார்த்த வாக்கியம் வாய்க்குள்ளேயே இருந்தது.

பதினைந்து நாளில் முதல்முறையாகச் செங்கம்மாள் படியேறிப் பக்கத்தில் வந்தாள். மோவாயைப் பிடித்து அவன் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நெற்றி, கன்னம், கழுத்து என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

“பெத்தவ வேண்டுதல் வீண்போவல பாரு. ஒரு வடு இல்ல.”

அவன் ஈரத் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.