ஒலிவாவின் முகவரி

அனுப்பியவர் பெயரை அவள் இன்னொரு முறை படித்தாள்.

ஐரீன்.

கீழே, தற்காலிக எழுத்தர். அதற்கும் கீழே, ஒலிவாக் குடியரசு, வெளியுறவு அமைச்சகம்.

மணி மூன்றே கால். அந்த நாடு தொடுத்த வழக்கில், ஐந்து மணிக்குள் அவளுடைய பதில் மனு போய்ச் சேர வேண்டும். சேராவிட்டாலும், சேர்ந்து தோற்றாலும், அவளுடைய இணைய முகவரியான ஒலிவா டாட் காம் அந்த நாட்டுக்குப் போய்விடும்.

ஒலிவா அவள் மாமியார் பெயர்.

பூவைக் காயவைத்துக் கப்பலேற்றும் தொழிலுக்கு மருமகள் போய் மாமியார் பெயரை வைத்தாளே என்று தூத்துக்குடியே சிரித்தது. அது நடந்து பத்தொன்பது ஆண்டு. எங்கோ பெருங்கடலில் கிடக்கும் ஒரு தீவு நாடு, பழைய பெயரை உதறிவிட்டு இதே பெயரைச் சூட்டிக்கொண்டது மூன்று ஆண்டுக்கு முன்புதான்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அறுபத்து மூன்று பெண்கள், உலர்ந்த தாமரைக் காய்களைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் அந்த முகவரி அச்சாகியிருந்தது. வாங்குகிறவர்கள் அதைத் தட்டித்தான் வருவார்கள்.

வேறு வாசல் இல்லை.

நாடு பெயர் மாற்றிய நாளிலிருந்து, அதற்குப் போக வேண்டிய மின்னஞ்சல் கடிதங்களும் வழி தவறி இவளிடம் வரத் தொடங்கின. விசா கேட்டு. பாஸ்போர்ட் தொலைந்ததென்று. கடலுக்குப் போன மகனைக் காணவில்லையென்று ஒரு தாய்.

அப்படி ஒன்று வந்தால், காலையில் செபமாலை முடித்த கையோடு உட்காருவாள். ஒவ்வொன்றையும் உரிய அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவாள். எழுதியவருக்கும், அலுவலகத்துக்கு நகலோடு, ஒரு வரி போடுவாள். சேர்த்துவிட்டேன், கவலைப்படாதீர்கள்.

அப்படி அவள் போட்ட நாற்பத்தொரு வரிகளையும் அச்செடுத்து மனுவோடு இணைத்திருந்தது அந்த அரசு.

தலைப்பு: அரசாங்கம்போல் நடித்ததற்கான சான்றுகள்.

இன்று வந்திருப்பது நாற்பத்திரண்டாவது கடிதம்.

ஐரீன் தன் அரசின் சட்டப் பிரிவுக்குத்தான் எழுதியிருக்கிறாள். நாட்டின் பெயரை அடித்ததும், உலகமே செய்கிற பழக்கத்தில், விரல் டாட் காம் என்று போட்டுவிட்டது.

இரண்டே வரி.

நம் மனுவில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. விவரம் இணைப்பில்.

இணைப்பை அவள் இன்னும் திறக்கவில்லை.

மேசைமேல் கிடந்த போனில் கொழுந்தன் ஜெரால்டு காத்திருந்தான். மதுரையில் வக்கீல். அவளுடைய வழக்கை நடத்துகிறவனும் அவன்தான்.

"தொறங்க மைனி."

அவள் அம்புக்குறியை இணைப்பை நோக்கி நகர்த்தினாள்.

"மைனி, இருக்கீயளா? பனிமய மாதாவே பாத்து அனுப்பி வச்சிருக்கா. தொறங்க."

"மாதா அடுத்தவுக லெட்டரையா பிரிச்சுக் குடுப்பா?"

"நீங்க போப்பாண்டவருக்கு அக்காவாப் பொறந்திருக்கணும்." அவன் குரல் உடைந்தது. "எங்கம்ம பேரு மைனி அது."

"தெரியும்யா."

"நாலே முக்கால் வரைக்கும் நான் மனுவ அனுப்ப மாட்டேன். அதுக்குள்ள உங்க மனசு மாறும்."

வைத்துவிட்டான்.

இணைப்பின்மேல் அம்புக்குறி நின்றது. ஒரு தட்டு. அவ்வளவுதான் தூரம்.

தடுப்புக்கு அப்பால் யாரோ எதற்கோ உரக்கச் சிரித்தார்கள். அவள் நிமிர்ந்து அந்த அறுபத்து மூன்று பேரையும் பார்த்தாள். பிறகு திரையில் அந்த ஒரு சொல்லைப் பார்த்தாள்.

தற்காலிக.

ஒரு தவறு போதும், அப்படிப்பட்ட வேலை போக.

பதில் எழுதும் பொத்தானை அழுத்தினாள்.

ஐரீன், இது தவறி என்னிடம் வந்துவிட்டது. இணைப்பைத் திறக்கவில்லை. சரியான முகவரிக்கு அனுப்பிவிடுங்கள்.

ஐரீனின் கடிதத்தில் நகல் பெற்றிருந்த மூன்று மேலதிகாரிகளின் பெயர்களும் பதிலின் தலையில் தாமாக வந்து உட்கார்ந்திருந்தன.

அவள் முதல் பெயரை அழித்தாள். இரண்டாவதை அழித்தாள். மூன்றாவதையும்.

ஐரீன் மட்டும் மிஞ்சினாள்.

அனுப்பினாள். இதையும் அவர்கள் அச்செடுக்கலாம். நாற்பத்திரண்டாவது சான்று.

நான்கு மணிக்குத் தேநீர் வந்தது. ஆடை படிந்து ஆறிப்போனது.

நாலு நாற்பத்தொன்றுக்கு மறுபடி ஐரீன்.

நன்றி இல்லை. மன்னிப்பு இல்லை. ஒரே வரி.

இந்த முறை தவறி அனுப்பவில்லை.

கீழே அதே இணைப்பு.

முதலில் அவள் தேடியது, நகல் வேறு யாருக்காவது போயிருக்கிறதா என்பதைத்தான்.

போகவில்லை. அந்த அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது.

போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்தாவது முறை அடித்தபோது எடுத்தாள்.

"என்ன மைனி? அனுப்பிரட்டா?"

"இருக்கறத வச்சு அனுப்பிருய்யா."

மறுமுனையில் பெருமூச்சு. தாள் புரளும் ஓசை. பிறகு, கடைசி ஆசையாக:

"அங்கேருந்து வேற ஒண்ணும் வரலல்லா?"

திரை அவள் முன்னால் திறந்தே இருந்தது.

"இல்லய்யா," என்றாள்.

சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.