வெள்ளிக்கிழமை விதிவிலக்கு

"தம்பி, நீ கள்ளன் எண்டு நான் சொல்லேல்லை. உன்ரை மெசின் கள்ளன் எண்டுதான் சொல்லுறன்."

நல்லம்மா இரண்டு தாள்களையும் மேசையில் அடித்து வைத்தார். இணுவிலில் செல்வரட்ணம் நடத்திய கொம்பியூட்டர் வகுப்பில் அப்போது மாணவர் எவரும் இல்லை. வகுப்பு நேரத்திலும் பெரும்பாலும் அப்படித்தான்.

"ரெண்டிலையும் ஒரே சாதகங்கள். உடுவில் சாத்திரியாரின்ரை கணக்குக்கு இருபத்திரண்டு வீதம் பொருத்தம். எங்கடை மார்க்கண்டுச் சாத்திரியாரின்ரை கணக்குக்கு எண்பது வீதம். ரெண்டும் உந்தப் பெட்டிக்குள்ளையிருந்துதான் வந்தது. என்ன விளையாட்டு இது?"

சந்தேகத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மாப்பிள்ளை, நல்லம்மாவின் மகன் நடராசா. பெண், செல்வரட்ணத்தின் தங்கை குணலட்சுமி. வயது இருபத்தெட்டு, சாதகத்தில் எட்டில் செவ்வாய். அந்தச் செவ்வாய் இதுவரை பதினொரு மாப்பிள்ளைகளைப் வாசற் படலையோடு திருப்பி அனுப்பியிருந்தது. பன்னிரண்டாவதாக வந்தவனுக்கு மட்டும் எண்பது வீதம் என்றால்?

"மாமி, பொருத்தம் பாக்கிற புரோகிராமை நான் எழுதேல்லை."

"பின்னை ஆர் எழுதினது?"

"இன்னொரு புரோகிராம்."

"அதை ஆர் எழுதினது?"

"அதை நான்தான் எழுதினனான்."

நல்லம்மா பக்கத்துக் கதிரையிலிருந்த கணவரைப் பார்த்தார். தியாகலிங்கம் கூரையைப் பார்த்தார்.

"ஒவ்வொரு சாத்திரியாருக்கும் ஒவ்வொரு விதி, மாமி. ஆளாளுக்கு நான் எழுதிக்கொண்டிருந்தால் கிழவனாயிடுவன். அதாலை, சாத்திரியாரிட்டைக் கேள்வி கேட்டு, அவர் சொல்லுற விதியளை வைச்சு, அவருக்கெண்டு ஒரு புரோகிராமைத் தானே எழுதிக் குடுக்கிற புரோகிராம் ஒண்டு செய்தனான். நான் இடியப்பம் பிழியிறேல்லை. இடியப்ப உரல் செய்யிற மெசின் செய்தனான்."

"அப்ப இடியப்பத்துக்குள்ளை தலைமயிர் கிடந்தால் ஆரைப் பிடிக்கிறது?"

"மா குழைச்சவரை."

மா குழைத்த மார்க்கண்டுச் சாத்திரியார், கண் ஒப்பறேசன் முடிந்து கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தார். ஆகவே அவர் சொல்லிக்கொடுத்த விதிகளைத் திரையில் ஓடவிட்டார்கள். நாற்பத்தாறாவது விதியில் நல்லம்மாவின் விரல் போய்க் குத்தியது.

'எட்டில் செவ்வாய் இருந்தாலும், வெள்ளிக்கிழமை பிறந்த பெண்ணுக்குக் குற்றம் இல்லை.'

"உன்ரை தங்கச்சி என்ன கிழமை பிறந்தவள்?"

"வெள்ளி."

"அப்பிடிச் சொல்லு! உது எந்தச் சாத்திரத்திலை கிடக்கு?"

செல்வரட்ணமும் தேடிப் பார்த்தவன்தான். எந்தச் சாத்திரத்திலும் அது கிடக்கவில்லை.

"அவர் சொன்னவர், மெசின் போட்டது."

"உது தங்கச்சிக்காக நீ செருகினது! எனக்கும் இவருக்கும் எண்பத்திரண்டு வீதம். மார்க்கண்டுச் சாத்திரியார் தன்ரை கையாலை கணிச்சு எழுதினது. அது பொருத்தம்! இப்ப உந்த வரியை அழி, பாப்பம்."

"ஒரு வரியை மட்டும் அழிக்கேலாது, மாமி. விதியை எடுத்தால் மெசின் முழுப் புரோகிராமையும் திருப்பி எழுதும். எழுதினது சரியோ எண்டு பாக்க, சாத்திரியாரின்ரை பழைய கொப்பியளிலை கிடக்கிற நானூற்றிப் பன்னிரண்டு பொருத்தத்தையும் திருப்பிக் கணிக்கும். எது மாறுதோ, அதை அடிச்சுத் தரும்."

"கணிக்கட்டும்! வடிவாய்க் கணிக்கட்டும்!"

அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணித் தட்டோடு குணலட்சுமி வந்தாள். நானூற்றுப் பன்னிரண்டையும் கொப்பி பார்த்து ரைப் அடித்தவள் அவள்தான்.

"அண்ணை, அதை அழிக்காதேங்கோ."

"பாத்தியளே!" என்று நல்லம்மா கணவரின் தோளைத் தட்டினார். "கள்ளி தன்ரை வாயாலையே பிடிபட்டிட்டாள்!"

"எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம், அண்ணை. இருபத்திரண்டு வீதமெண்டே இருக்கட்டும். அந்த விதியிலை மட்டும் கை வையாதேங்கோ."

ஆனால் மெசினைக் கள்ளன் என்று சொல்லக் கேட்டுக்கொண்டு எந்தக் கொம்பியூட்டர் வாத்தியாரும் சும்மா இருக்கமாட்டான். செல்வரட்ணம் அழித்தான்.

பெட்டி யோசித்தது. பிரிண்டர் ஒருமுறை இருமியது. ஒரேயொரு வரியை அடித்துவிட்டு நின்றது. நானூற்றுப் பன்னிரண்டில் மாறியது ஒன்றுதான்.

நல்லம்மா தாளைப் பிடுங்கி உரத்துப் படித்தார்.

"தியாகலிங்கம், நல்லம்மா. ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தைந்து. முந்தி எண்பத்திரண்டு. இப்ப..."

கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் பார்த்தார். பதினேழு, பதினேழாகவே இருந்தது.

"எனக்கோ? எட்டிலை செவ்வாய்?"

தான் பிறந்தது என்ன கிழமை என்பது நல்லம்மாவுக்கே தெரியும்.

"பிள்ளை, உனக்கு முதலே தெரியுமோ?"

"ரைப் அடிக்கேக்கை கண்டனான், மாமி."

"நான் உன்னைக் கள்ளி எண்டேக்கை ஏன் வாய் திறக்கேல்லை?"

"நீங்கள் ரெண்டுபேரும் நல்லாய்த்தானே இருக்கிறியள். அதை ஏன் குழப்புவான்?"

முப்பத்தொரு வருடமாகக் கூரையைப் பார்த்துப் பழகிய தியாகலிங்கம், அன்றுதான் பார்வையைக் கீழே இறக்கினார். குணலட்சுமியின் தட்டிலிருந்து ஒரு தேத்தண்ணியை எடுத்தார். ஒரு மிடறு குடித்தார்.

"தம்பி, அந்த விதியை இருந்த இடத்திலையே திருப்பிப் போடு," என்றார். "இவளைத்தான் கட்டுறதெண்டு, சாத்திரியாருக்கு ஒரு கடகப்பெட்டி நிறையக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் குடுத்து நான் வாங்கின விதி அது."