வரைபடத்தில் இல்லாத குழாய்

பிஷ்கெக்கின் பழைய அலுவலகக் கட்டடத்தில், பிரித்துப் போட்ட உட்கூரைக்குள் டார்ச் வெளிச்சம் அலைகிறது. வரைபடத்தில் இல்லாத ஒரு குழாய், பூட்டிக் கிடக்கும் பக்கத்து அச்சகத்தின் சுவருக்குள் போய் மறைகிறது. ஏணியில் நிற்கும் பொறியாளர் சைராகுல் அதைத் தொட்டுப் பார்க்கிறாள். இளஞ்சூடு. கீழே குழாய்க்காரன் பெக்தூர் ரம்பத்தை நீட்டுகிறான். "வெந்நீர் வால்வ அடைச்சு ரெண்டு நாளாச்சுக்கா. செத்த குழாய், அறுத்துடலாம்." "செத்ததுக்கு ஏதுடா சூடு?" ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டே இருக்கிறது. குளிர்காலத்தில் வீட்டு வெந்நீர்க் குழாயைத் தட்டி மாடிவீட்டுக்காரர்களைக் கூப்பிடுவதுபோல், அவள் ஸ்பேனரால் மூன்று முறை தட்டுகிறாள். "அச்சகத்துல எலிதான் இருக்கும், பதில் சொல்லும், நில்லுங்க" என்று பெக்தூர் சிரிக்கிறான். வெளிச்சத்தில் தூசி மெல்ல இறங்குகிறது. சுவருக்கு அப்பாலிருந்து மூன்று தட்டு திரும்பி வருகிறது. பெக்தூர் ரம்பத்தைச் சத்தமில்லாமல் தரையில் வைக்கிறான். சற்று இடைவெளி விட்டு, யார் நீங்கள் என்று கேட்பதுபோல், இன்னும் ஒரு தட்டு.