வெயில் முறை

குழாய்த் தண்ணீரைப் போல வெயிலையும் தெருவுக்குத் தெரு முறை வைத்துத் திறக்கத் தொடங்கிய பிறகு, மாவடித் தெருவுக்கு மாதத்தில் ஒரு பகல்தான் கிடைத்தது. மற்ற நாட்களில் வானத்தை மூடிவிடுவார்கள். தண்ணீர் காயவைக்க விறகோ கேஸோ மின்சாரமோ கிடையாது.

மூட்டுவலியில் படுத்துவிட்ட கனியம்மாள் புருஷனிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"முட்டுல ரெண்டு செம்பு வெந்நி ஊத்தினா போதும்."

சுடலைக்கண்ணு பழைய ஃபிரிட்ஜின் பின்பக்கக் குழாயைக் கழற்றினார். கறுப்படித்து, பலகைப் பெட்டிக்குள் பதித்து, ஜன்னல் கண்ணாடியால் மூடி, தண்ணீர்த் தொட்டியோடு இணைத்து மொட்டைமாடியில் வைத்துவிட்டு வெயில் முறைக்குக் காத்திருந்தார்.

முறை வந்த அன்று விடியும்போது கனியம்மாள் எழுந்திருக்கவில்லை.

நடுப்பகலில், அவளைக் குளிப்பாட்டப் பெண்கள் குடத்தைத் தூக்கினார்கள். வெளியே வெயில் கொளுத்தியது.

"கொஞ்சம் பொறுங்க" என்று மாடிக்கு ஓடிய சுடலைக்கண்ணு, ஆவி பறக்கும் வாளியோடு இறங்கி வந்தார்.

"இனி எதுக்கு அத்தான் வெந்நி?" என்றாள் கனியம்மாளின் தங்கை.

"அவளுக்குப் பச்சத்தண்ணி ஆகாதுல்லா."

குடத்துத் தண்ணீரைக் கலந்து விளாவி, முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார். இன்னும் கொஞ்சம் விளாவினார். பிறகு செம்பைக் கொழுந்தியாளிடம் நீட்டினார்.

"முதல்ல முட்டுல ஊத்து."