வேட்டை திறக்கும் சனிக்கிழமை

“வேட்டை திறக்கிற சனிக்கிழமைல எவன்டா கல்யாணம் வைப்பான்?”

நான் கேட்டது காதில் விழுந்தும், கல்யாண மாப்பிள்ளை ஹேகன் திரும்பிப் பார்க்கவில்லை. தொடையளவு தண்ணீரில் நின்றபடி, தூண்டில் நுனியில் கட்டியிருந்த செயற்கைப் பூச்சியை வாயால் ஊதி உலர்த்திக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் மாதம். மேடிசன் ஆற்றின் மேல் சன்னமாகத் தூறிக்கொண்டிருந்தது. இப்படி மப்பும் மந்தாரமுமான நாளில்தான் சாம்பல் நிறப் பூச்சிகள் தண்ணீரிலிருந்து எழும்பும். அவற்றைத் தின்ன ட்ரவுட் மீன்கள் மேலே வரும். நாங்கள் இரண்டு பேரும் மதிய வகுப்புக்குப் போகாததற்கு அதுதான் காரணம்.

ஆனால் நான் மீன்களைப் பார்க்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மொன்டானா மாநிலத்தில் பிறந்த யாரும் இந்தத் தவறைச் செய்யமாட்டார்கள். அக்டோபர் கடைசியில் எல்க் மான் வேட்டை தொடங்கும் அந்தச் சனிக்கிழமை, எங்கள் ஊரில் பாதிக் கடை திறக்காது. பல் மருத்துவர் இருக்கமாட்டார். செத்தவரைக்கூடத் திங்கட்கிழமைதான் புதைப்பார்கள்.

மணப்பெண் வெளியூர்க்காரி என்றால் அவள் தலையில் பழியைப் போட்டுவிடலாம். மேரிட் இங்கேயே மாட்டுப்பண்ணையில் வளர்ந்தவள். போன வருடம் எங்கள் இருவரையும் முந்திக்கொண்டு மான் அடித்துவிட்டு, அதைச் சுமந்து இறக்க எங்களையே கூப்பிட்டவள்.

ஊரே இதைச் சொல்லிச் சிரித்தது. மேரிட்டின் அப்பா, மலையிலிருந்து நேராக வருவேன், வேட்டைக்குப் போடும் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றமாட்டேன் என்று அறிவித்துவிட்டாராம். பாதிரியாரும் வேட்டைக்காரர். முதலில் முடியவே முடியாது என்றாராம். கடைசியில், மூன்று மணிக்கு முன்னால் தன்னை எதிர்பார்க்கக் கூடாது, நகத்தில் ரத்தம் இருந்தால் யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது என்று சொல்லி ஒப்புக்கொண்டாராம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நாள் எங்களுடையது.

கல்லூரியில் சேர்ந்தபோது விடுதியில் எங்களுக்கு ஒரே அறை. முதல் சில நாட்கள் பேசிக்கொள்ள எதுவும் இருக்கவில்லை. இரண்டு கட்டிலுக்கு அடியிலும் தூண்டில் இருந்தது தெரிந்த பிறகு பேச்சு நிற்கவே இல்லை.

செப்டம்பரில் ஆஸ்பென் மரத்து இலைகள் மஞ்சளாகும்போது காட்டுக்கோழி. பனி விழத் தொடங்கியதும் மான். குளிர்காலம் முழுக்க, வேட்டையாடிய காட்டுக்கோழியின் இறகையும் மானின் முடியையும் கொக்கியில் சுற்றிச் சுற்றிப் பூச்சி செய்வோம். படுக்கையில் முடி, காப்பியில் முடி. பனி உருகியதும் அந்தப் பூச்சிகளை ஆற்றில் மிதக்கவிடுவோம். ஒரு பருவம் அடுத்த பருவத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வரும். பாடங்கள் இடையிடையே நடந்தன.

ஒரு வருடம், வேட்டை திறந்த விடியலில், பெரிய கொம்புகளோடு ஒரு மான் எங்கள் முன்னால் வந்து நின்றது. நீ சுடு என்று அவன் என்னைப் பார்த்தான். நீ சுடு என்று நான் அவனைப் பார்த்தேன். மான் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மரங்களுக்குள் போய்விட்டது.

கல்லூரியில் இது கடைசி வருடம். ஜூன் மாதம் நான் அட்லாண்டாவுக்குப் போகிறேன். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. எந்த ஜன்னலிலிருந்து பார்த்தாலும் மலை தெரியாத ஊர்.

ஹேகனிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அந்தச் சனிக்கிழமை எங்களை விட்டுப் போய்விடும் என்று பயந்தேன். அவனோ அதைத் தானாகவே எடுத்துக் கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டான்.

எனக்கு முன்னால் ஒரு மீன் மேலே வந்து, வளையம் விட்டு மறைந்தது. தூண்டிலை வீசினேன். மீன் மறுபடி வந்தது. அவசரப்பட்டு இழுத்துவிட்டேன். பூச்சி மட்டும் பறந்து வந்து என் தொப்பியில் மாட்டிக்கொண்டது.

ஹேகன் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தான். என் தொப்பியைக் கழற்றிக் கொக்கியை விடுவித்தான். பூச்சியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். முடி பாதி உதிர்ந்துபோயிருந்தது.

“இது போன வருஷத்துது. இந்தக் குளிர்ல நீ ஒரு பூச்சிகூட கட்டலடா, எம்மெட். வர்ற கோடைக்கு இங்க இருக்கறவன் அப்படிச் சும்மா இருப்பானா?”

படிப்பு, பரீட்சை என்று ஏதோ சொன்னேன். அவன் சிரித்துவிட்டான். பரீட்சைக்காக நான் எதையும் விட்டதில்லை என்று அவனுக்குத் தெரியாதா.

எந்த ஊர் என்று அவன் கேட்கவில்லை. தன் பெட்டியிலிருந்து புதிய பூச்சி ஒன்றை எடுத்து என் தூண்டில் நரம்பில் கட்டத் தொடங்கினான். தேதியை மேரிட் குறிக்கவில்லை, அவள் வீட்டாரும் குறிக்கவில்லை, தான்தான் குறித்ததாகச் சொன்னான். மேரிட் அன்று முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாளாம். மறுநாள் காரணத்தைக் கேட்டுவிட்டுச் சரி என்றாளாம்.

முடிச்சை எச்சிலால் நனைத்து இறுக்கினான். மிஞ்சிய நரம்பைப் பல்லால் கடித்துத் துப்பினான். முகத்தை நிமிர்த்தவே இல்லை.

“சும்மா கல்யாணத்துக்கு வாடான்னா லீவு இல்லம்ப, டிக்கெட் இல்லம்ப. அந்தச் சனிக்கிழமைக்கு மட்டும் நீ எங்க இருந்தாலும் வந்துருவ. அதான் அன்னிக்கே வச்சேன்.”

தூறல் வலுத்தது. எங்களைச் சுற்றி மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்துகொண்டிருந்தன. இருவரும் தூண்டிலைத் தூக்கவில்லை.

“விடியறப்ப மலையில எங்கூட நட. மூணு மணிக்கு சர்ச்ல எம் பக்கத்துல நில்லு. வருவியாடா?”