ஹாரன் அடிச்சேன் தம்பி

“ஓய், எறங்கும் வே கீழ! எறங்கும்னா!”

சொல்லி முடிக்கல, இசக்கி கார் கதவத் தொறந்து பெரியவரு சட்டையப் பிடிச்சு வெளிய இழுத்துட்டான்.

ஐந்தருவி போற ரோட்டுல, வளைவு திரும்புத எடத்துல கார் நிக்குது. அதுக்கு முன்னால ஒரு குட்டிக் குரங்கு கெடக்கு. ரெண்டு உள்ளங்கையச் சேத்து ஏந்துனா அதுக்குள்ள அடங்கிரும், அம்புட்டுதான் இருக்கும். சாரல் பொடுபொடுன்னு அது மேல விழுது. அசைவு இல்ல.

தாய்க்குரங்கு பக்கத்துல உக்காந்து குட்டியோட கையத் தூக்கித் தூக்கிப் பாக்குது. விட்டா அந்தக் கை கீழ விழுது. திரும்பவும் தூக்குது.

தென்காசி ஸ்டேஷன்ல இருந்து அருவிக்கு ஆள் ஏத்துத வேன் டிரைவர் இசக்கி. வாயத் தொறந்தான்னா வேனே சிரிக்கும். அவன் கண்ணுலயே இன்னைக்குத் தண்ணி.

இந்த வளைவுல நின்னு பழம் போடாம அவன் ஒரு டிரிப்பும் போனதில்ல. “மொதல்ல அனுமாரு, பொறவுதான் அருவி”ம்பான். தீனி போடாதீங்கன்னு பாரஸ்ட்காரன் போர்டு வச்சிருக்கானேன்னு யாராவது கேட்டா, “போர்டு எழுதுனவனுக்குப் பசிச்சிருக்காது”ம்பான். செத்துக் கெடக்கே, அந்தக் குட்டிக்கு ‘மேனேஜர்’னு பேரு வச்சதும் அவன்தான். ஒரு வேலையும் பாக்காம ஆத்தா முதுகுலயே சவாரி போவுதுல்லா, அதுக்காவ.

“கண்ணு தெரியலன்னா ஆஸ்பத்திரிக்குப் போவும் வே. குத்தாலத்துக்கு எதுக்கு வாரீரு?”

பெரியவரு பேரு ஏசுவடியான். ஆலங்குளத்துக்காரரு. காருக்குள்ள இருந்து அவரு சம்சாரம், “விட்டுருங்கய்யா, சுகர் உள்ள மனுசன்”னு கும்பிடுதா.

“தம்பி, நான் மெதுவாத்தாம்யா வந்தேன்.”

“மெதுவா வந்ததுக்கே இந்தப் பாடு! வேகமா வந்துருந்தீருன்னா நஸீபாக்கா கடையும்லா போயிருக்கும்!”

கூட்டத்துல ரெண்டு பேரு சிரிச்சானுவ. ரோட்டோரமா மங்குஸ்தான் கூறு கட்டி வித்துக்கிட்டிருந்த நஸீபா சிரிக்கல.

“ஹாரன் அடிச்சேன் தம்பி. அந்தா, அந்தச் சுவரு மேலதான் இருந்துச்சுவ. குறுக்க வந்துறக் கூடாதேன்னுதான் அடிச்சேன். பயந்து ஓடிரும்னு பாத்தா, காரப் பாத்துல்லா ஓடி வருது!”

“கேட்டியளாலே கதைய?” இசக்கி கூட்டத்தப் பாத்துத் திரும்புனான். “ஹாரன் அடிச்சா மாடு வெலகும், மனுசன் வெலகுவான். இவரு அடிச்சா மட்டும் குரங்கு மாலையும் கையுமா வந்து வரவேற்குதாம்!”

இப்ப மொத்தக் கூட்டமும் சிரிச்சுது. சிரிச்ச வாயோடயே ஒருத்தன், “பொய் சொல்லுத வாயில ரெண்டு போடுலே”ன்னான். இன்னொருத்தன் பாரஸ்ட் ஆபீசுக்குப் போன் போட்டுட்டான். “கேசுதான் வே. உள்ள தூக்கி வச்சிருவானுவ.”

“பிள்ளைக மேல சத்தியமா சொல்லுதேன். தாய் முன்னால வந்துச்சு. பிரேக் போட்டேன். ஈர ரோடு, வழுக்கிட்டு. அது தப்பிச்சுட்டு. பின்னாலயே இந்தப் பச்ச மண்ணு வந்தத நான் பாக்கலையே தம்பி…”

பெரியவரு அழுதுட்டாரு.

“அழுதா உசுரு வந்துருமா வே?” இசக்கி கைய ஓங்கிட்டான்.

“ஏலே, வேண்டாம்லே”ன்னு நஸீபா எந்திச்சா.

“நீ சும்மா கெட, அக்கா. பெத்தவ படுத பாட்டப் பாத்தியா? எங் கையால வாங்கித் தின்ன குட்டி அக்கா அது. இவர விட்டேன்னா நான் மனுசனே இல்ல.”

அதுக்குள்ள ரெண்டு பக்கமும் வண்டி தேங்கிட்டு. பின்னால நின்ன டூரிஸ்ட் பஸ்காரனுக்கு வெவரமும் தெரியல, பொறுமையும் இல்ல. ஹாரன ஒரே அமுக்கா அமுக்குனான்.

மரம் ஆடுச்சு.

கொப்புல இருந்து ரெண்டு குரங்கு குதிச்சுது. கடைக் கூரையில இருந்து நாலு. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு கூட்டமே ஏறி வந்துச்சு. நிக்குத ஆளுவ காலுக்குள்ள பூந்து, ரோட்டுல எறங்கி, நேரா பஸ் முன்னால போயி, கைய நீட்டிக்கிட்டு உக்காந்துச்சுவ.

பஸ்காரன் பயந்து ஹாரன விட்டுட்டான்.

பெரியவரு, “பாத்தியளா… இப்பிடித்தாம்யா… இப்பிடியேதான் வந்துச்சு”ன்னு முனங்குதாரு.

நஸீபா இசக்கிகிட்ட வந்தா. திட்டுதாப்புல இல்ல, ஒடைஞ்சு போன கொரலு.

“அவர விடுலே. வளைவுக்கு வந்ததும் நீ ஹாரன அடிப்ப. இதுக எறங்கி ஓடிவரும். நீ பழத்தப் போடுவ, வேன்ல உள்ளவங்க கைதட்டுவாங்க. இதுகளுக்கு எந்த வண்டி யாரு வண்டின்னு தெரியும்? சத்தந்தான தெரியும்.”

இசக்கி கை தானா பெரியவரு சட்டைய விட்டுச்சு.

தாய்க்குரங்கு எந்திச்சு வந்துச்சு. ஒரு கையால செத்த குட்டிய வயித்தோட அணைச்சுக்கிட்டு, மறு கைய இசக்கிகிட்ட நீட்டுச்சு.