ஓரத்து எழுத்து

“எலும்புலயே எழுத்து இருக்குமாம்மா?” என்று மகள் ஒருநாள் எக்ஸ்ரே படத்தைக் காட்டிக் கேட்டது அவளுக்கு நினைவு வருகிறது. எலும்பில் இல்லை. இடமா வலமா என்று காட்ட ஓரத்தில் வைக்கும் ஈய வில்லையில் இருக்கிறது, படம் எடுத்தவரின் முதலெழுத்தோடு. புதிதாகச் சேரும் எக்ஸ்ரே ஊழியர்களுக்காக அவள் கணினிப் பாடம் ஒன்று தயாரிக்கிறாள். ‘தவறு எங்கே?’ என்ற பக்கத்தில், வலது என்ற வில்லையோடு ஓர் இடது கை வெளிறித் தெரிகிறது. சீனியர் டெக்னீஷியன் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறார். கையிலிருக்கும் டீ ஆறுகிறது.

“அது என் எழுத்துதானே?”

“மேலேருந்து அனுப்பின படம்ணே. நான் பொறுக்கி எடுக்கல.”

“சிரிக்கறதுக்கு நான்தான் கிடைச்சேனா? நீயும் அவங்களோட சேர்ந்துட்டியா?”

“சத்தியமா இல்லண்ணே.”

ஜேப்படிக்காரனின் கையைப் பார்ப்பதுபோல், மவுஸ் மேலிருக்கும் அவள் விரல்களையே பார்க்கிறார். டீயை அப்படியே வைத்துவிட்டுப் போகிறார். கதவு சாத்திக்கொள்கிறது.

அவள் இழுப்பறையிலிருந்து பழைய காக்கி உறையை எடுக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் வில்லையை மாற்றி வைத்து எடுத்த கால் படம். டாக்டரிடம் போகுமுன் அதைப் பிடித்து, வேறு படம் எடுத்து, யாரிடமும் மூச்சுவிடாமல் இதை அவள் கையில் கொடுத்தவர் அவர்தான். அன்று அவரைக் கடவுள்தான் அனுப்பினார் என்று இன்றும் நம்புகிறாள். அவருடைய படத்தை நீக்கிவிட்டுத் தன்னுடையதை ஸ்கேன் செய்து ஏற்றுகிறாள். நோயாளியின் பெயரை மட்டும் மறைக்கிறாள். ஓரத்தில் அவளுடைய எழுத்து பளிச்சென்று இருக்கிறது.